‘எல்லாம் நார்மல்’ என்ற பிறகு: இம்யூன் டெஸ்டா, ஐ.யு.ஐ.யா, காத்திருப்பா?

சித்தி மகள் வாட்ஸப்பில் ஒரு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு தனியார் கருத்தரிப்பு மையம் எழுதிக் கொடுத்த டெஸ்ட் பட்டியல். ‘இம்யூன் பேக்கேஜ்’, அதாவது எதிர்ப்பு சக்தி டெஸ்டுகளின் கட்டு, என்று தலைப்பு, கீழே பதினான்கு பெயர்கள், அடியில் மொத்தத் தொகை. அந்தத் தொகையில் மூன்று முறை ஐ.யு.ஐ. (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) செய்துகொண்டு, மிச்சத்தில் பழனிக்கும் போய்வரலாம். பின்னாலேயே ஒரு குரல் பதிவு வந்தது: “அக்கா, என் உடம்பே குழந்தையைக் கொல்லுதாம்கா. அதை அடக்க மருந்து இருக்காம். பண்ணிடட்டா?”

அவளுக்கு 31 வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். டெஸ்டெல்லாம் ‘நார்மல்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள். இதுவரை ஒரு தடவைகூட நாள் தள்ளிப் போனதில்லை. அப்புறம் எந்தக் குழந்தையை அவள் உடம்பு கொன்றது?

நான் டாக்டர் இல்லை. மருந்து ஆய்வுகளில் சேரும் தரவைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு மருந்து ‘வேலை செய்கிறது’ என்று யாராவது சொன்னால், மருந்து போடாதவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்பது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தோடு அவளுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். அவள் முன்னால் இருந்தவை நான்கு வழிகள்: இன்னும் கொஞ்சம் காத்திருப்பது, முட்டை வளர்க்கும் மாத்திரையோடு ஐ.யு.ஐ., நேராக ஐ.வி.எஃப். (உடம்புக்கு வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைப்பது), அல்லது இந்த இம்யூன் பேக்கேஜும் அதன் பின்னால் வரும் மருந்துகளும்.

முதலில் அந்த ‘நார்மல்’

முட்டை வெடிக்கிறது, குழாய் திறந்திருக்கிறது, கணவரின் விந்துப் பரிசோதனை சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒரு வருஷமாகக் கரு தங்கவில்லை. இந்த நிலைக்குத்தான் ‘காரணம் தெரியாத குழந்தையின்மை’ என்று பெயர். கருத்தரிப்பு மையத்துக்கு வரும் நூறு தம்பதிகளில் 15 முதல் 30 பேர் இந்தப் பெயரோடுதான் வீடு திரும்புகிறார்கள். இதை ஒரு நோயின் பெயர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்மிடம் இருக்கும் டெஸ்டுகள் இவ்வளவு தூரம்தான் பார்க்கும் என்பதைச் சொல்லும் பெயர் இது. டெஸ்டே ஒழுங்காக முடியாமல் இந்தப் பெயரை ஒட்டிவிடுவதும் நடக்கிறது.

அவள் திருச்சியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். கணவனுக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு வருவான். முட்டை வெடிக்கும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தரிக்க வாய்ப்புள்ள நாட்கள். அந்த ஆறு நாளும் அவன் வரும் சனி, ஞாயிறும் எத்தனை மாதம் ஒன்றாக விழுந்திருக்கும்? மூன்று வருஷம் என்று கணக்குச் சொல்கிறோம், உண்மையில் முயற்சி நடந்தது எட்டோ பத்தோ மாதம்தான். இதை எந்த டாக்டரும் அவளிடம் கேட்கவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

இன்னும் இரண்டு விஷயம் இந்த ‘நார்மலுக்குள்’ ஒளிந்திருக்கும். ஒன்று எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையின் உட்சுவர் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. லேசானதாக இருந்தால் ஸ்கேனில் தெரியாது. மாதவிலக்கு நாளில் சுருண்டு படுக்கிற அளவுக்கு வலியோ, உறவின்போது வலியோ இருந்தால் அந்தச் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம் நாட்டில் மறக்கவே கூடாதது, கருப்பைக் காசநோய். இருமலோ காய்ச்சலோ இல்லாமல் குழாயிலும் கருப்பையின் உட்சுவரிலும் அது உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டீராய்டு பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

இம்யூன் கதை எங்கிருந்து வந்தது

இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1953-ல் ஒரு கேள்வி கேட்டார். வேறொருவர் உடம்பிலிருந்து ஒரு துண்டுத் தோலை ஒட்டினால் நம் உடம்பு சில நாளிலேயே அதை விரட்டிவிடும். வயிற்றில் வளரும் சிசுவில் பாதி தகப்பனுடையது, அதாவது அந்நியம். அதைத் தாயின் உடம்பு ஏன் ஒன்பது மாதமும் விரட்டுவதில்லை? மெடாவருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது, அது வேறு ஆய்வுக்காக. ஆனால் இந்தக் கேள்விதான் இன்றைய இம்யூன் டெஸ்டுகளுக்கெல்லாம் பாட்டி.

கேள்வி நியாயமானது. அதை வைத்து நம்மில் பலர் கட்டிக்கொண்ட படம்தான் தவறு. கருப்பை ஒரு போர்க்களம், கரு எதிரி, தாயின் எதிர்ப்பு சக்தி கூடினால் கரு சாகும், குறைத்தால் பிழைக்கும் என்ற படம். இதில் வில்லன் வேஷம் போட்டது என்.கே. செல்கள். பெயரே அப்படி: இயற்கைக் கொல்லி செல்கள். புற்றுநோய் செல்களைக் கொல்வதைப் பார்த்து வைத்த பெயர். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கருப்பைச் சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் இந்த வகைதான். கேட்டதும் பயமாக இருக்கும், இல்லையா?

ஆனால் கருப்பையில் இருக்கும் என்.கே. செல் வேறு, ரத்தத்தில் ஓடும் என்.கே. செல் வேறு. கருப்பையில் இருப்பவை கொல்வதில் மந்தம். அவற்றின் வேலை கொத்தனார் வேலை: தாயின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்தி, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் போக வழி செய்வது. கருவின் வெளி செல்களும் ஒன்றும் தெரியாத அப்பாவிகள் இல்லை. உறுப்பு மாற்றத்தில் தகராறு செய்யும் எச்.எல்.ஏ. அடையாளங்களில் முக்கியமான இரண்டை, ஏ, பி இரண்டையும், அவை காட்டுவதே இல்லை. எச்.எல்.ஏ.-ஜி போன்ற சமாதானக் கொடிகளைத்தான் பிடிக்கின்றன. கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மோஃபெட் இந்த செல்களைப் பல வருஷம் ஆராய்ந்தவர். கையில் ரத்தம் எடுத்து எண்ணினால் கருப்பையில் நடப்பது தெரியாது என்று 2004-லேயே அவரும் சக மருத்துவர்களும் எழுதிவிட்டார்கள். தஞ்சாவூரில் மழை பெய்கிறதா என்று பார்க்கச் சென்னையில் ஜன்னலைத் திறப்பது மாதிரி.

அவள் பட்டியலில் முதல் டெஸ்டே ரத்தத்தில் என்.கே. செல் எண்ணிக்கை.

பட்டியலைக் கிழித்துப் பிரித்தேன்

ஒவ்வொரு டெஸ்டையும் ஒரே கேள்வியால் சலித்தேன்: இதன் முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், அவளுக்குச் செய்யப்போகிற சிகிச்சை மாறுமா? மாறினால், அந்த மாற்றத்தால் பலன் கிடைத்தது என்று ஆய்வு இருக்கிறதா?

இந்தச் சல்லடையில் நின்றவை கொஞ்சம்தான். தைராய்டு டி.எஸ்.எச். கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், அது மலிவு, அவளுக்கு ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஆனால் பட்டியலில் இருந்தது தைராய்டு ஆன்டிபாடி, அதாவது சொந்தத் தைராய்டுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம். டி.எஸ்.எச். நார்மலாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருந்தால் என்ன செய்வது? பிரிட்டனில் டேப்லெட் என்ற ஆய்வு இதைத்தான் பார்த்தது. 952 பெண்கள், எல்லோருக்கும் தைராய்டு அளவு சரி, ஆன்டிபாடி பாசிட்டிவ், முன்பு கருச்சிதைவோ குழந்தையின்மையோ இருந்தவர்கள். பாதிப் பேருக்குத் தைராக்சின் 50 மைக்ரோகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. குழந்தை பெற்றவர்கள் 37.4 சதவீதமும் 37.9 சதவீதமும். 2019-ல் வந்த முடிவு இது. ஆன்டிபாடி இருந்தால் பின்னால் தைராய்டு குறையக்கூடும், அதனால் அவ்வப்போது டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

அடுத்தது ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகள், ரத்தம் உறைவதைத் தூண்டும் ரகம். இம்யூன் கதையில் உண்மையிலேயே கனமான பகுதி இதுதான். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்று மூன்று டெஸ்ட். 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பாசிட்டிவாக வந்தால்தான் கணக்கு. ஒரு தடவை வந்த பாசிட்டிவ் ஒரு சளிக்காய்ச்சலாலும் வரும். திரும்பத் திரும்பக் கரு கலைகிற பெண்களிடம் இது இருந்தால் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு. லண்டனில் 90 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 1997-ல் வந்தது. ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. கூடவே வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசியும் எடுத்தவர்களில் 71 சதவீதம். இம்யூன் சிகிச்சை என்ற பெயரில் இவ்வளவு தெளிவான வித்தியாசம் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ஆனால் யாருக்கு? கரு தங்கிக் கலைந்தவர்களுக்கு. ஒருமுறைகூடக் கருத்தரிக்காதவர்களுக்கு இந்த டெஸ்ட் தேவை என்று எந்தப் பெரிய மருத்துவ அமைப்பும் சொல்லவில்லை. நான் படித்ததில் எனக்குத் தெளிந்த விஷயம் இதுதான்: கரு தங்காதது ஒரு பிரச்சினை, தங்கிய கரு கலைவது இன்னொரு பிரச்சினை. இரண்டாவதற்காகச் செய்த ஆய்வுகளைக் காட்டித்தான் முதல் பிரச்சினைக்காரர்களிடம் டெஸ்டும் மருந்தும் விற்கிறார்கள். ‘நாள் தள்ளுவதற்கு முன்னாலேயே கரு ஒட்டாமல் அழிகிறது’ என்று அதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். அழியலாம்தான். ஆனால் ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் நடப்பவை. அதை எதிர்ப்பு சக்தியின் தலையில் கட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மீதியை வேகமாகச் சொல்கிறேன். சொந்த செல்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏ.என்.ஏ. டெஸ்ட் 1:40 என்ற தாழ்ந்த அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு முப்பது பேருக்குப் பாசிட்டிவ் காட்டும். மூட்டுவலி, தோல் தடிப்பு என்று எதுவும் இல்லாதவருக்கு அது வெறும் கவலைக் காகிதம். ‘டி.எச்.1, டி.எச்.2 விகிதம்’, இரண்டு வகை எதிர்ப்பு செல்களின் விகிதம், ஆய்வுக்கூடத்துக்கு ஏற்ற விஷயம், எந்த எண்ணுக்கு மேலே நோய் என்று ஒப்புக்கொண்ட கோடு கிடையாது. ஃபோலேட் சத்தை உடம்பு கையாள்வது தொடர்பான எம்.டி.எச்.எஃப்.ஆர். ஜீன் டெஸ்ட் இம்யூன் டெஸ்டே இல்லை, பட்டியலில் எப்படி ஏறியது என்பது கடவுளுக்கு வெளிச்சம். கோதுமைப் புரதத்தால் தூண்டப்பட்டு எதிர்ப்பு சக்தி சொந்தக் குடலையே தாக்கும் சீலியாக் நோய்க்கான டெஸ்டை மட்டும் ஐரோப்பிய மருத்துவ அமைப்பான எஷ்ரே, தனது 2023 வழிகாட்டியில், யோசிக்கலாம் என்கிறது. அதே வழிகாட்டி மற்ற ஆட்டோஇம்யூன் டெஸ்டுகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம்மூரில் சீலியாக் அபூர்வம். இந்தியாவின் மூன்று பகுதிகளில் எடுத்த கணக்கில் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10. இட்லிக்கு நன்றி. ரத்தசோகையும் நாள்பட்ட வயிற்றுப்போக்கும் சேர்ந்து இருந்தால் மட்டும் பார்க்கலாம்.

விந்து எதிர்ப்பு ஆன்டிபாடிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1964-ல் ஃபிராங்க்ளின், டியூக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள், காரணம் தெரியாத குழந்தையின்மையுள்ள பெண்களின் ரத்தத்தில் விந்தணுவை ஒட்டிக்கொள்ள வைக்கும் ஆன்டிபாடி இருப்பதாக எழுதினார்கள். கணவன் சில மாதம் ஆணுறை போட்டால் ஆன்டிபாடி இறங்கும் என்பது சிகிச்சை. குழந்தை வேண்டும் என்று வந்தவர்களுக்கு ஆணுறை எழுதிக் கொடுத்த காலம்! இப்போதைய ஆராய்ச்சி நேர் எதிராகப் போகிறது: விந்துத் திரவமே தாயின் எதிர்ப்பு சக்தியைக் கருவுக்குப் பழக்குகிறது என்று அடிலெய்டில் சாரா ராபர்ட்சன் குழு காட்டி வருகிறது. அது கிடக்கட்டும். அந்த ஆன்டிபாடி இருந்தாலும் சிகிச்சை ஐ.யு.ஐ., இல்லையென்றால் ஐ.வி.எஃப். இல்லாவிட்டாலும் அதேதான். அப்படியானால் டெஸ்ட் எதற்கு?

மருந்துகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தால்

பேக்கேஜில் ஏதாவது ஒன்று ‘அதிகம்’ என்று வரும். பதினான்கு டெஸ்ட் எடுத்தால் யாருக்குத்தான் ஒன்றாவது கோட்டைத் தாண்டாது? அதன் பிறகு மருந்துகள் வரிசை கட்டும்.

மலிவானது ஸ்டீராய்டு, பிரெட்னிசோலோன் மாத்திரை. விலை ஒன்றும் பெரிதில்லை, அதனாலேயே ‘சும்மா போட்டுப் பார்க்கலாம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சீனாவில் எட்டு மையங்களில், ஐ.வி.எஃப். பலமுறை தோற்ற 715 பெண்களுக்கு இதை முறையாகச் சோதித்தார்கள், 2023-ல் முடிவு வந்தது. அதே ரக ஸ்டீராய்டான பிரெட்னிசோன் 10 மில்லிகிராம் எடுத்தவர்களில் 37.8 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 38.8 சதவீதம் பேருக்குக் குழந்தை. பலன் இல்லை, சரி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரத்தத்தில் கர்ப்பம் தெரிந்து உடனே கலைந்துபோனது மருந்து எடுத்தவர்களில் 17.3 சதவீதம், மற்றவர்களில் 9.9. குறைமாதப் பிரசவமும் 11.8-க்கு 5.5 என்று இரட்டிப்பு. ‘போட்டால் நஷ்டமில்லை’ என்ற வாதம் இங்கேயே செத்துவிட்டது. அதோடு நான் நினைவில் வைக்கச் சொன்ன காசநோய். தூங்கும் காசநோய்க் கிருமிக்கு ஸ்டீராய்டு அலாரம் வைத்து எழுப்புகிற மாதிரி. கருப்பைச் சுவரை ஒருமுறை பார்க்காமல் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்தைத் தொடங்குவது, இங்கிலாந்தில் எப்படியோ, இந்தியாவில் விளையாட்டுக் காரியம் இல்லை.

இன்ட்ராலிப்பிட் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். சோயா எண்ணெய், முட்டைக்கருவின் கொழுப்பு, கிளிசரின் கலந்த திரவம். வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ரத்தம் வழியாகக் கொழுப்புச் சத்து கொடுக்க 1962-ல் ஸ்வீடனில் வந்தது. இன்றும் அதன் அங்கீகாரம் அந்த வேலைக்குத்தான். அது என்.கே. செல்லை அடக்கும் என்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடக் குழாயில் பார்த்தது. இதில் ஆபத்து ஸ்டீராய்டை விடக் குறைவாகத் தோன்றலாம், பலனுக்கான ஆதாரமும் அவ்வளவே.

ஐ.வி.ஐ.ஜி. வேறு ரகம். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி, பாட்டில் ஒவ்வொன்றும் யானை விலை. நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஜப்பானில் நான்கோ அதற்கு மேலோ கருச்சிதைவு கண்ட 99 பெண்களுக்கு, கர்ப்பம் உறுதியான ஆரம்ப வாரங்களில் ஐந்து நாள் கொடுத்தார்கள். 58 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, மருந்து இல்லாத பக்கம் 35 சதவீதம் (2022). சிறிய ஆய்வு, இன்னொருவர் திரும்பச் செய்து காட்ட வேண்டும், ஆனாலும் ஒதுக்க முடியாது. நான்கு தடவை இழந்த ஒருத்திக்கு இதைப் பற்றி டாக்டரிடம் பேச நியாயம் இருக்கிறது. என் சித்தி மகளுக்கு இல்லை.

எனக்கு மிகவும் சங்கடம் தந்தது லிட் என்கிற சிகிச்சை. கணவனின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து மனைவிக்கு ஊசியாகப் போடுவது. மனைவி உடம்பு கணவனின் செல்லுக்குப் ‘பழகும்’ என்பது யோசனை. கேட்க அழகாக இருக்கிறது, ஏதோ கல்யாணச் சடங்கு மாதிரி. திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களிடம் 1985-ல் லண்டனில் மவ்ப்ரே குழு செய்த சின்ன ஆய்வில் கணவனின் அணு பெற்ற 22 பேரில் 17 பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது, தன் அணுவையே பெற்ற 27 பேரில் 10 பேருக்கு. உலகம் முழுக்கப் பரவியது. பதினான்கு வருஷம் கழித்து, 1999-ல், கரோல் ஓபர் குழு அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய அளவில் செய்து பார்த்தது. கணவனின் அணு பெற்றவர்களில் 36 சதவீதம், வெறும் உப்புநீர் பெற்றவர்களில் 48 சதவீதம் வெற்றி. அதாவது ஊசி போடாமல் இருந்தவர்கள்தான் மேல். 2002-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஆய்வு அனுமதி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்று நிறுத்தியது. இந்தியாவில் இன்னும் சில இடங்களில் இது நடக்கிறது.

கருச்சிதைவுக்கென்று பேசப்பட்ட மற்ற இரண்டும் இதே ரகம். வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசியை 150 பெண்களிடம் பார்த்தார்கள், குழந்தை பெற்றவர்கள் மருந்துப் பக்கம் 59.2 சதவீதம், போலி ஊசிப் பக்கம் 64.9. பரம்பரையாக ரத்தம் எளிதில் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு ஹெப்பாரின்: 71.6-க்கு 70.9.

இந்தக் கடைசி எண்களில் மருந்து எடுக்காத பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். 64.9, 70.9. மருந்தே இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒரு மையம் உப்புநீரை ஏற்றிவிட்டு, பிறந்த குழந்தைகளின் படத்தை வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒட்டலாம். படங்கள் எல்லாம் உண்மை, அம்மாக்களின் கண்ணீரும் உண்மை. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளைக் கிண்டல் பண்ணிப் பழமொழி வைத்திருக்கிறோம். அரச மரம் பில் போடவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனின் கருத்தரிப்புக் கண்காணிப்பு அமைப்பான எச்.எஃப்.இ.ஏ., ஐ.வி.எஃப்.போடு விற்கப்படும் கூடுதல் சிகிச்சைகளுக்கு டிராஃபிக் சிக்னல் போல நிறம் கொடுத்தது. இம்யூன் டெஸ்டுக்கும் சிகிச்சைக்கும் கிடைத்தது சிவப்பு.

பகட்டில்லாத வழிகள்

காத்திருப்பது என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை. ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்று தெருவே கேட்கும்போது எப்படிக் காத்திருப்பது? ஆனாலும் 40 வயதுக்கு உட்பட்டவர்களில் முதல் வருஷம் கருத்தரிக்காதவர்களில் பாதிப் பேர் இரண்டாம் வருஷத்தில் கருத்தரிக்கிறார்கள் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்லும் கணக்கு. 28 வயதில், ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்றால், இது சோம்பேறித்தனம் இல்லை. இரண்டு, மூன்று வருஷம் தாண்டியவர்களுக்கு வாய்ப்பு அப்படி இருக்காது.

அவர்களுக்கு மாத்திரையோடு ஐ.யு.ஐ. எவ்வளவு உதவும் என்பதற்கு நியூசிலாந்தில் நடந்த ஆய்வு நல்ல பதில். தானாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைவு என்று கணித்த 201 தம்பதிகள், எல்லோரும் ‘காரணம் தெரியாதவர்கள்’. பாதிப் பேருக்குக் குளோமிஃபின் அல்லது லெட்ரோசோல் மாத்திரையோடு மூன்று சுற்று ஐ.யு.ஐ., மற்றவர்கள் வீட்டிலேயே முயற்சி. குழந்தை பெற்றவர்கள் 31 சதவீதமும் 9 சதவீதமும். 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இம்யூன் மருந்து எதுவும் பக்கத்தில்கூட வர முடியாத வித்தியாசம். எஷ்ரேயும் இந்த நிலையில் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: மாத்திரைக்குப் பதில் ஹார்மோன் ஊசி போட்டால் வெற்றி கொஞ்சம் கூடலாம், ஆனால் அமெரிக்காவில் 900 தம்பதிகளிடம் பார்த்தபோது ஊசிப் பக்கக் கர்ப்பங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று இரட்டையோ மூன்றோ. ‘இரட்டைன்னா நல்லதுதானே’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நேராக ஐ.வி.எஃப்.? நெதர்லாந்தில் 602 தம்பதிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள்; ஒரு வருஷத்துக்குள் ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கரு வைக்கும் ஐ.வி.எஃப். மூன்று சுற்று வரை, இன்னொரு குழுவுக்கு ஐ.யு.ஐ. ஆறு சுற்று வரை கொடுத்தார்கள். ஆரோக்கியமான குழந்தை 52 சதவீதமும் 47 சதவீதமும். வித்தியாசம் இவ்வளவுதான் (2015), செலவோ ஐ.வி.எஃப்.பில்தான் அதிகம். ஆனால் அந்த ஆய்வில் எல்லோரும் 38 வயதுக்குள். 38, 39-ல் இருப்பவரிடம் ஆறு மாதம் ஐ.யு.ஐ. பண்ணு என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே நாட்காட்டிதான் எதிரி. ஐ.வி.எஃப்.க்கு இன்னொரு பலனும் உண்டு: முட்டையும் விந்தணுவும் ஒன்று சேர்கின்றனவா, கரு ஐந்து நாள் வளர்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ‘காரணம் தெரியாதது’ சிலருக்கு அப்போது தெரியவரும்.

இம்யூன் பேக்கேஜின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. டெஸ்ட், ரிப்போர்ட், திரும்ப டெஸ்ட், மூன்று மாதம் மருந்து, மறுபடி டெஸ்ட் என்று அரை வருஷம் ஓடிவிடும். 31-ல் அந்த அரை வருஷத்தைத் தாங்கலாம். 37-ல் தாங்க முடியாது.

என் பட்டியல்

எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. இரண்டு, மூன்று தடவை கரு கலைந்திருந்தாலோ, பத்து வாரத்துக்கு மேல் ஒரு தடவை கலைந்திருந்தாலோ, காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலோ, ஆன்டிபாஸ்போலிப்பிட் மூன்றையும் தயங்காமல் எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு யாராவது இதை எடுக்கவில்லை என்றால் அதுதான் தவறு. எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் மாதிரி நோய் ஏற்கெனவே இருப்பவர்கள் முடக்குவாத டாக்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவர்களுக்கு ஸ்டீராய்டு வேறு கணக்கு. ஐ.வி.எஃப்.பில் நல்ல கருக்கள் பலமுறை ஒட்டாமல் போனவர்கள் ஆய்வு ஒன்றில் சேர வாய்ப்புக் கிடைத்தால், காசு வாங்காத ஆய்வாக இருந்தால், யோசிக்கலாம். ஆய்வு என்று சொல்லிக் காசு கேட்டால் அது ஆய்வு இல்லை.

சித்தி மகளிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொன்னேன். முதலில் கோபம் வந்தது அவளுக்கு. “அப்ப எனக்கு என்னதான்க்கா பிரச்சினை?” என்று கேட்டாள். பெயர் இல்லாத குறையோடு இருப்பதைவிட, கெட்ட பெயரானாலும் ஒரு பெயர் கிடைத்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அந்த பேக்கேஜ் விற்றது டெஸ்டை மட்டும் இல்லை, ஒரு காரணத்தையும் சேர்த்துத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

பிறகு ரிப்போர்ட் ஃபைலின் பின்பக்கத்தில் அவளே எழுதிக்கொண்டாள்: விந்துப் பரிசோதனை இன்னொரு தடவை. மாதவிலக்கு வலியை டாக்டரிடம் சொல்ல வேண்டும் (இவ்வளவு நாளும் சொல்லவில்லையாம், ‘எல்லாருக்கும் வர்றதுதானே’ என்று). கருப்பைச் சுவரில் டி.பி. பார்க்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். அப்புறம் ஓசூரில் ஒரு வாடகை வீடு. ஆறு மாதம் ஒரே ஊரில் இருப்பது, அதற்குள் மாத்திரையோடு மூன்று ஐ.யு.ஐ., அதன் பிறகு ஐ.வி.எஃப். பற்றிப் பேச்சு.

வீட்டு அட்வான்ஸுக்கு அந்த பேக்கேஜ் பணம் சரியாக இருந்தது. மாமியாரிடம் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. புருஷனுக்கு மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லலாம் என்றிருக்கிறாள்.